எளியோர்க்கு எட்டிய மோட்டார் வண்டி

1941ஆம் ஆண்டு மார்ச்சு தொடங்கி மே முடியக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பால்மரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முதலியோர் அவர்கட்குத் துணை நின்றனர். சர்க்கார் நாதனைச் சிறைப்பிடித்து நாடு கடத்திற்று. பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் உயிர்கள் போயின. அக்கிளர்ச்சியின் கோரிக்கைப் பட்டியலை இன்று எடுத்துப் படிப்போர், சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எமக்கும் கொடு, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகட்குக் கல்வி கொடு, எம் பெண்டிரை மானபங்கம் செய்யாதே என்னும் பெருங் கோரிக்கைகளின் நடுவே, பார்வைக்குச் சிறியதொரு கோரிக்கையையும் காண்பர். துரைமாரும் கிராணிமாரும் எதிர்ப்படும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழிந்து, அவர்கள் முன்னும் அவன் சைக்கிளில் ஏறிச் செல்ல உரிமை வேண்டும் என்பதே அது.

எளியோர்க்கான மோட்டார் வண்டியின் சரித்திரத்தைச் சொல்லப் புகுந்த நாம் சைக்கிளில் தொடங்குவானேன் எனச் சிலர் கேட்கலாம். வண்டி என்பது வெறும் இரும்பும் ரப்பரும் அன்று. அதில் யார் ஏறலாம், யார் இறங்கவேண்டும் என்பதே அதன் சரித்திரத்தில் பாதி. அந்த நாளில் மோட்டார் துரைக்கு உரியது, சைக்கிள் கிராணிக்கு உரியது, கால்நடை கூலிக்கு உரியது. கூலி ஒருவன் பணம் சேர்த்துச் சைக்கிள் வாங்கிவிட்டால், அதைத் தள்ளிக்கொண்டு நடக்கும் உரிமை மட்டும் அவனுக்குத் தாராளமாக இருந்தது! அவ்வாண்டு முடிவதற்குள் ஜப்பானியப் படை வடக்கே வந்திறங்கியது. அப்படையினரில் பல்லாயிரவர் சைக்கிள் ஏறியே தீபகற்பம் முழுவதும் வந்தனர் என்பதையும், 1942 பிப்ரவரி 15இல் வெள்ளைத் தளபதி சரணடைந்து கையெழுத்திட்ட இடம் சிங்கப்பூர் புக்கிட் தீமாவிலிருந்த போர்டு மோட்டார் தொழிற்சாலை என்பதையும் இங்கே குறித்துவிட்டு மேலே செல்வோம்.

எளிய குடும்பத்துக்கு ஒரு மோட்டார் என்னும் எண்ணத்தைச் சர்க்காரே ஏற்று நடத்திய நாடுகளுள் ருஷ்யா தலையாயது. தொழிலாளர் ஆட்சி என்று பெயர் படைத்த அந்நாட்டில் நெடுங்காலம் மோட்டார் வண்டி அதிகாரிகளின் வாகனமாகவே இருந்தது. யுத்தம் முடிந்த பின்னரே, தோல்வியுற்ற ஜெர்மனியின் 'ஒப்பல் கடெட்' என்னும் சிறு காரின் அமைப்பை எடுத்து, மாஸ்கோவில் 'மாஸ்க்விச்' என்ற பெயரால் செய்யத் தொடங்கினர். மாஸ்க்விச் என்றால் மாஸ்கோவாசி என்று பொருள். பெயர் மாஸ்கோவுடையது, உடல் ஜெர்மனியுடையது. 1960இல் உக்ரைன் நாட்டின் ஜாபரோழ்யே நகரிலிருந்து இன்னும் சிறிய வண்டியொன்று வந்தது. அதன் தோற்றம் இத்தாலியரின் 'பியட் 600'ஐப் பெரிதும் ஒத்திருந்தது. யந்திரத்தைப் பின்புறம் வைத்து, தண்ணீருக்குப் பதில் காற்றால் குளிரச் செய்திருந்தனர். ஓடும்போது பெருஞ் சத்தம் போடும் அவ்வண்டியை ருஷ்யர் கேலி செய்துகொண்டே வாங்கினர். கேலி செய்தற்கேனும் ஒரு வண்டி கைக்கு எட்டியதே என்பதுதான் அன்றைய நிலை.

இவையெல்லாம் முன்னுரை. உண்மையான மாறுதல் 1966 ஆகஸ்டில் சோவியத் சர்க்கார் இத்தாலியின் பியட் கம்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் வந்தது. வால்கா நதிக்கரையில் ஒரு நகரம். இத்தாலியப் பொதுவுடைமைத் தலைவர் பால்மிரோ தோலியாத்தி 1964இல் காலமானதும் அவர் பெயரையே அந்நகருக்குச் சூட்டியிருந்தனர். அங்கே ஆண்டுக்கு 6,60,000 கார் செய்யும் நோக்கோடு ஆலை எழுந்தது. முதலாளித்துவக் கம்பெனியின் காரை, பொதுவுடைமைத் தலைவர் பெயர் தாங்கிய ஊரில், தொழிலாளர் சர்க்கார் செய்தது! கொள்கைவாதிகள் இதைப் பார்த்து நகைத்தனர். ஆனால் அந்த நகைப்பால் ஒரு குடும்பமும் ஊர் போய்ச் சேரவில்லை. 1970 ஏப்ரலில் அவ்வாலையிலிருந்து முதல் 'ழிகுலி' வண்டிகள் வெளிவந்தன. வெளிநாட்டில் அதற்கு 'லாடா' என்று பெயர்.

அதன் தாய் 'பியட் 124'. ஆயினும் ருஷ்யப் பொறியியலார் அதை அப்படியே வார்த்துவிடவில்லை. தென் ஐரோப்பிய வீதிக்காகச் செய்த வண்டி ருஷ்யாவின் சேற்றுப் பாதைக்கும் உறைபனிக்கும் தாங்காது என்று கண்டனர். ஆகவே உடலுக்குத் தடித்த தகடு இட்டனர், தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளியை உயர்த்தினர், சேறு புகுந்து கெடும் பின்சக்கரத் தட்டு பிரேக்கை நீக்கி டிரம் பிரேக் வைத்தனர், யந்திரத்தை மாற்றினர், குளிரில் பாட்டரி சோர்ந்தால் கையால் சுழற்றிக் கிளப்புதற்கு ஒரு கைப்பிடியும் கொடுத்தனர். கடன் வாங்கிய சட்டையைத் தன் உடம்புக்குப் பிரித்துத் தைத்துக்கொண்டதுபோல ஆயிற்று. அச்சட்டை நாற்பதாண்டுக்கு மேல் கிழியவில்லை. அதே வழியில் வந்த 2107 என்னும் வண்டி 2012 வரையில் உற்பத்தியாயிற்று.

விலையோ சாதாரணத் தொழிலாளியின் பல்லாண்டுச் சம்பளம். அப்பணத்தைச் சேர்த்து வைத்திருந்தாலும் போதாது. வேலை செய்யும் ஆலையிலோ காரியாலயத்திலோ பெயர் பதிந்து, ஆண்டுக் கணக்கில் முறைக்குக் காத்திருக்கவேண்டும். இதைப்பற்றி ருஷ்யர் தமக்குள் சொல்லி நகைத்த கதை ஒன்றுண்டு. கார் கேட்டு வந்தவனிடம், பத்து ஆண்டு கழித்து இன்ன நாளில் வந்து வண்டியை எடுத்துக்கொள் என்று குமாஸ்தா சொன்னானாம். காலையிலா மாலையிலா என்று அவன் கேட்டானாம். பத்து ஆண்டுக்குப் பின் காலையானால் என்ன, மாலையானால் என்ன என்று குமாஸ்தா வியக்க, அன்று காலையில்தான் தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்க ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறான் ஐயா என்றானாம். கதை கதையாக இருக்கட்டும். வரிசையில் நின்ற கோடிக்கணக்கானோர் இறுதியில் வண்டி பெற்றனர் என்பதும் மெய்யே.

நிற்க. கடன் வாங்கிய அச்சில் மக்கள் காரை வார்ப்பது ருஷ்யாவுக்கே உரிய பழக்கம் அன்று. இந்தியாவில் ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு 'அம்பாசிடர்' ஆயிற்று. பம்பாயில் பியட் 1100 'பிரிமியர் பத்மினி' ஆயிற்று. சென்னையை அடுத்து ஸ்டாண்டர்டு கம்பெனி ஹெரால்டு காரைச் செய்தது. 1983 டிசம்பரில் ஜப்பானின் சுசுகியோடு கூடி வந்த 'மாருதி'தான் நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்கு உண்மையாகவே வந்து நின்றது. அந்த 1983ஆம் ஆண்டிலேயே நம் நாட்டிலும் இதே வேலை தொடங்கியிருந்தது.

மலேசியாவில் அதற்கு முன் கார்கள் இல்லாமல் இல்லை. 1960களின் பிற்பகுதி முதல் வெளிநாட்டுப் பாகங்களை வரவழைத்துப் பூட்டும் ஆலைகள் இங்கே நடந்தன. பள்ளி ஆசிரியர் வீட்டில் மாரிஸ் மைனர் ஒன்றும், பின்னாளில் டாட்சன் 120ஒய் ஒன்றும் நின்றதை முதியோர் நினைவுகூர்வர். ஆனால் லயத்தில் இருந்தவனுக்கு அவை தெருவில் போகும் பொருள்கள். 1981இல் பிரதமரான டாக்டர் மகாதீர், கார் செய்யத் தெரியாத நாடு கார் செய்துகொண்டே கற்கும் என்றெண்ணினார். 1983 மே 7இல் 'பெருசஹாஆன் ஒட்டொமொபில் நேஷனல்' என்னும் கம்பெனி பதிவாயிற்று. அதன் சுருக்கமே 'புரோட்டான்'. பங்குகளில் 70 விழுக்காடு சர்க்காரின் கனரகத் தொழில் நிறுவனமான ஹைக்கோமுக்கு, எஞ்சிய 30 விழுக்காட்டை இரு மிட்சுபிஷி கம்பெனிகளும் பாதிப் பாதியாகக் கொண்டன.

ஆலைக்கு இடம் ஷா ஆலாம். இங்கேதான் நம் வாசகர்கள் சற்று நிற்கவேண்டும். ஷா ஆலாம் என்னும் நகரம் பழைய பெயரில் சுங்கை ரெங்கம். அது ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்ட நிலம். தோட்டம் நகரமாயிற்று, நகரம் 1978இல் சிலாங்கூரின் தலைநகராயிற்று, அதில் தேசியக் காரின் ஆலை எழுந்தது. மரத்தில் பாலெடுத்து உலகத்து மோட்டார்களுக்கெல்லாம் சக்கரம் கொடுத்த கைகள் நம்முடையவை. அப்படிப்பட்ட மண்ணிலேயே முதல் மலேசியக் கார் பிறந்தபோது அந்தக் கைகளுக்கு அதில் என்ன இடம்? 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை, மண்ணின் மைந்தர் எனப்பட்டோரைத் தொழிலிலும் வாணிபத்திலும் உயர்த்தும் நோக்கம் உடையது. புரோட்டானும் அக்கொள்கையின் குழந்தையே. பின்தங்கிய ஒரு சமூகத்தைச் சர்க்கார் கைதூக்கிவிடுவதை நாம் குறை கூறமாட்டோம். அவ்வாறே பின்தங்கிய தோட்டத் தொழிலாளிக்கென்று அத்திட்டத்தில் ஓரிடம் வரையப்படவில்லை என்பதை மட்டும் சொல்லாமல் விடவும் மாட்டோம்.

1985 ஜூலை 9இல் முதல் 'சாகா' வெளிவந்தது. அதற்குப் பெயர் வைக்கப் பொதுமக்களிடையே போட்டி நடந்தது. இஸ்மாயில் ஜாபார் என்னும் ஓய்வுபெற்ற போர்வீரர் தந்த பெயரே தேர்ந்தெடுக்கப்பட்டது. சாகா என்பது மலாய் மொழியில் ஒரு மரத்தின் சிவந்த விதை. நம் மொழியில் அதுவே மஞ்சாடி, சிலர் ஆனைக்குன்றிமணி என்பர். தட்டான் பொன் நிறுக்க வைத்த எடை அது. கிழவிகள் பல்லாங்குழி ஆடிய விதையும் அதுவே. எனவே அப்பெயர் நமக்கு அந்நியமானதன்று. அந்த முதல் வண்டி இன்று கோலாலம்பூர் தேசியப் பொருட்காட்சிசாலையில் வைக்கப்பட்டிருக்கிறது.

பெயர் மலேசியாவுடையது, உடல் ஜப்பானுடையது. மிட்சுபிஷியின் 'லான்சர் பியோரே' என்னும் காரில், முன்முகத்தை மாற்றி, பிறைமதியும் பதினான்கு முனை விண்மீனும் பொறித்தால் அதுதான் சாகா என்று எள்ளியோர் பலர். எள்ளல் பொய்யன்று. ஆனால் மாஸ்க்விச்சையும் ழிகுலியையும் அறிந்தவர்க்கு அதில் வியப்பும் இல்லை. பிறர் அச்சில் வார்க்காத மக்கள் கார் உலகில் மிகச் சிலவே. ருஷ்யன் பனிக்கும் சேற்றுக்கும் ஏற்ப மாற்றியதுபோல நம்மவர் ஆழமாக மாற்றினரா என்று கேட்டால், முதற் காலத்தில் இல்லை என்றே சொல்லவேண்டும்.

சரித்திரம் உண்மையில் அடங்கியிருந்தது அச்சில் அன்று, விலையில். சாகாவின் மலிவான வகை 20,000 வெள்ளிக்குக் குறைவாக விற்றது. புரோட்டானுக்குச் சர்க்கார் தந்த சுங்கவரிச் சலுகையே அவ்விலையின் இரகசியம். போட்டிக் கார்களின் தலையில் வரி, இதன் தலையில் குடை. ஆயினும் பிறந்த நேரம் நல்ல நேரமன்று. சோதிடர் சொல்லும் நேரத்தைச் சொல்லவில்லை, பொருளாதார நேரத்தைச் சொல்லுகிறோம். 1985இல் தகரமும் செம்பனையும் விலை வீழ்ந்து நாடே சுருங்கிற்று. ஜப்பானிய யென் நாணயத்தின் மதிப்போ விரைந்து ஏறிற்று. ஜப்பானிலிருந்து வாங்கும் பாகத்துக்கெல்லாம் கூடுதல் பணம் கொட்டவேண்டி வந்தது. 1988இல் மிட்சுபிஷியிலிருந்து கென்ஜி இவாபுச்சி என்பவரை வரவழைத்து நிர்வாகத் தலைமையை ஒப்படைத்தனர். தேசியப் பெருமை பேசியவர்கட்கு அது கசந்திருக்கும். கம்பெனி பிழைத்தது. 1989இல் சாகா இங்கிலாந்துக்கும் கப்பலேறிற்று. மாரிஸ் மைனர் செய்து இங்கே அனுப்பிய நாட்டுக்கு நம் நாட்டுக் கார் போவதை நினைத்தால் சிறிது மகிழாமல் இருக்க முடியவில்லை.

இனி நம் வீட்டுச் சமாச்சாரத்துக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸில் 'நூறு குவார்ட்டர்ஸ்' என்று வழங்கிய வரிசை வீடுகள் 1915இல் எழுந்தவை, அண்மைக் காலத்தில் இடிக்கப்பட்டவை. அவற்றைக் கட்டியவன் அங்கே குடியிருப்போர்க்குக் கார் வரும் என்று கனவிலும் எண்ணியிருக்கமாட்டான். அதனால் நிறுத்த இடமும் விடவில்லை. எண்பதுகளில் அவ்வீடுகளின் முன் சாகா நின்றது. ரயில்வே ஊழியரும் குமாஸ்தாவும் மாதச் சம்பளக்காரர். சம்பளச் சீட்டைக் காட்டி, முன்பணம் கட்டி, ஒருவரை ஜாமீன் நிறுத்தித் தவணையில் எடுத்தனர்.

தோட்டத்துக்குச் சாகா அத்தனை எளிதில் வரவில்லை. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லையேல் கூலி இல்லை. மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் சங்கம் பல ஆண்டு கேட்டும் கிடைக்காதிருந்த காலம் அது. ருஷ்யாவில் பணமிருந்தவனை வரிசை தடுத்தது. இங்கே வரிசையே இல்லை. கடையில் பளபளவென்று வண்டி நிற்கிறது, சம்பளச் சீட்டு தடுத்தது. எது கொடிது என்று நம்மைக் கேட்டால், கண்ணாடிக்கு அப்பால் காட்டி மறுப்பதே கொடிது என்போம்.

அவர்கள் ஏறியது மோட்டார் சைக்கிளில். கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப்பாதை உண்டு. மழைக்காலத்து மாலைகளில் அப்பாதையின் பாலங்களுக்கு அடியில் ஒதுங்கி நிற்பவர்களைப் பார்த்தவர்க்கு விளக்கம் வேண்டுவதில்லை. தகப்பன் கைப்பிடியில், மூத்த பிள்ளை முன்னே, தாய் பின்னே, இருவர்க்கும் இடையில் நசுங்கி இளையது. எல்லாரும் நனைந்திருப்பர். தோட்டங்கள் ஒவ்வொன்றாய் வீட்டுமனையாகவும் ஆலைப்பேட்டையாகவும் மாற, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் கிள்ளான், பூச்சோங், காப்பார்ப் பக்கங்களில் அடுக்குவீடுகளிலும் மலிவு வீடுகளிலும் போய் விழுந்தன. லயத்தில் இருந்தபோது பள்ளியும் கோயிலும் வேலையும் நடைதூரம். வெளியேறிய பிறகு வேலை ஓரிடம், பள்ளி ஓரிடம், உறவு ஓரிடம். ஆடம்பரம் என்று இருந்த வண்டி அத்தியாவசியம் ஆயிற்று. நிலத்தை இழந்தவனுக்கு வண்டி தேவைப்பட்டது என்று சொன்னால் விந்தையாகத் தோன்றும். உண்மை அதுதான்.

அத்தேவைக்குச் சரியாக வந்து சேர்ந்தது 'கஞ்சில்'. 1993இல் இரண்டாவது தேசியக் கார்க் கம்பெனியாகப் 'பெரொடுவா' நிறுவப்பட்டு, 1994 ஆகஸ்டில் அச்சிறுவண்டி வெளிவந்தது. கஞ்சில் என்றால் சருகுமான். மலாய்க் கதைகளில் யானையையும் முதலையையும் புத்தியால் வெல்லும் சின்னஞ்சிறு பிராணி. இதற்கும் அச்சு ஜப்பானுடையதே: டைஹாட்சு கம்பெனியின் மீரா. யந்திரமோ மூன்றே சிலிண்டர், 660 சி.சி. பெரிய மோட்டார் சைக்கிளுக்கும் இதற்கும் வெகுதூரமில்லை. ஆனால் கூரை உண்டு! கூரையின் அருமை பாலத்தடியில் நின்றவனுக்குத் தெரியும். ஐவர் அமரவேண்டிய இடத்தில் எழுவர் அமர்ந்து பத்துமலைக்கும் கல்யாணத்துக்கும் போனதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். சட்டம் அதை ஒப்பாது, நாமும் ஒப்பவில்லை. எனினும் அந்த எழுவர் முகத்தில் இருந்த களிப்பை மறுக்க நமக்கு மனமில்லை.

கஞ்சில் செய்த இன்னொரு காரியத்தைப் பத்திரிகைகள் அதிகம் பேசவில்லை. அது நம் பெண்களின் கையில் சாவியைக் கொடுத்தது. சாகா வீட்டுத் தலைவனின் வண்டி, அவனே ஓட்டுவான், மனைவி பக்கத்தில் அமர்வாள். கஞ்சில் சிறியது, மலிவானது, ஒடுங்கிய சந்தில் திரும்பக்கூடியது. ஆசிரியை, தாதி, ஆலையில் இரவு முறை வேலை செய்யும் பெண் ஆகியோர் அதைத் தம் சம்பளத்தில் தம் பெயரிலேயே எடுத்தனர். பாட்டியோ துரையின் மோட்டார் வருகிறது என்று பாதையோரத்துப் புல்லில் ஒதுங்கி நின்றவள். பேத்தி ஆரன் அடிக்கிறாள்.

வண்டி எடுத்ததும் அதைக் கோயில் வாசலில் நிறுத்தி, பொட்டிட்டு, சக்கரத்துக்கொன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானியன் வகுத்த பிரேக்கை மலேசியத் தொழிலாளி பூட்டி, பரிசோதகன் சோதித்து அனுப்புகிறான். காப்பது அந்தப் பிரேக்கா, நான்கு பழமா? பழச்சாறு ரப்பருக்கு நன்மையாவது செய்யுமா என்று பால்மரத்தோடு வாழ்ந்த நம்மவரைத்தான் கேட்கவேண்டும். பழத்துக்குச் செலவிடும் கவலையில் பாதியைத் தவணை ஒப்பந்தத்தைப் படிப்பதில் செலவிட்டிருந்தால் பல குடும்பங்கள் தப்பியிருக்கும்.

தவணை என்பது வரிசையை வாசலுக்கு வெளியிலிருந்து வீட்டுக்கு உள்ளே கொண்டுவந்து வைப்பது. ருஷ்யன் முதலில் காத்திருந்து பிறகு வண்டி எடுத்தான். நம்மவன் முதலில் வண்டி எடுத்துப் பிறகு ஏழு, ஒன்பது ஆண்டு கட்டிக்கொண்டிருந்தான். வட்டி முழுத்தொகைக்கும் ஆதியிலேயே கணக்கிடப்படும் முறையாதலால், பாதி கட்டிய பின்பும் கடன் பாதியாகக் குறைந்திருக்காது. நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்று, தகப்பனுக்கு ஆலையில் வேலை போனதும், இரண்டு மாதத் தவணை தவறிற்று, மூன்றாவதும் தவறிற்று. விடியுமுன் ஆட்கள் வந்து வண்டியை இழுத்துச் சென்றனர். பின்னிருக்கையில் சிறுமியின் பள்ளிப் பை இருந்தது. வண்டிக்காக அக்குடும்பத்தார் அழவில்லை, பையைக் கேட்டு வாங்கத்தான் மூன்று நாள் அலைந்தனர்.

பழைய சாகாவின் வடிவம் சிற்சில மாற்றங்களோடு 2008 வரை வந்து நின்றது. கஞ்சில் 2009இல் நின்றது. 2017இல் சீனத்தின் கீலி கம்பெனி புரோட்டானில் 49.9 விழுக்காடு வாங்கிற்று. அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்70 சீன அச்சில் ஆனது. ருஷ்யாவிலும் அப்படியே: பியட்டின் அச்சு ஓய்ந்த அதே 2012இல், பிரெஞ்சு ரெனோ கூட்டத்தாரின் டாச்சியா லோகன் அச்சில் 'லாடா லார்கஸ்' என்னும் குடும்ப வண்டி வந்தது. 2022இல் யுத்தத்தின் காரணமாக ரெனோ அந்நாட்டை விட்டு வெளியேறிற்று.

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையில் கிள்ளான் தெங்கு கிளானா வீதிக்குச் சென்றால், துணிக்கடையிலிருந்து பலகாரக்கடை வரையில் இருபுறமும் வண்டிகள் நெருங்கி நிற்கும். புதியவற்றின் நடுவே வண்ணம் வெளுத்த பழைய கஞ்சில்களும் இருக்கும். கதவைத் திறந்து முதலில் பிள்ளைகள் குதிப்பர், பிறகு பைகள் இறங்கும், கடைசியில் பின்னிருக்கையிலிருந்து ஒரு கிழவர், காலை ஊன்றி, கதவைப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல் இறங்குவார்.